இக்கரைமுனையில் விழுந்த இக்கரஸ்

இக்கரைமுனை என்ற பெயருக்குப் பொருள் தேடி எங்கள் ஊரில் ஒருவரும் நித்திரை கெட்டதில்லை. கடல் உள்ளே வந்து போகிற ஒரு தொடுவாய் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் இக்கரைமுனை, அந்தப் பக்கம் அக்கரைமுனை. தண்ணீர் வற்றிய காலத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துபோய், அக்கரையாரோடு சண்டை பிடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். பெயரில் இதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனால் டொரன்டோவுக்கு வந்து, வீடு வாங்கி, பேஸ்மென்டை வாடகைக்கு விட்டு, பிள்ளைகளையும் கரைசேர்த்த பிறகு மனிதனுக்கு நேரம் மிஞ்சிவிடுகிறது. மிஞ்சின நேரத்தில் சங்கம் வைக்கிறான். சங்கத்துக்கும் வேலை போதாவிட்டால் வரலாறு கண்டுபிடிக்கிறான். எங்களுடைய சங்கத்தின் பெயர் இக்கரைமுனை மக்கள் ஒன்றியம், கனடா.

நியாயத்துக்குச் சொன்னால், ஒன்றியம் தொடங்கியது ஒரு நல்ல காரியத்துக்குத்தான். யுத்த காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எங்கள் ஊரில் பலர். அவர்களுடைய பெயர்களைக் கல்லில் வெட்டி இறங்குதுறையில் நடுவது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எடுத்தோம். அந்தத் தீர்மானத்துக்கு முதல் கை உயர்த்தியவர் பேர்ணடெற் அக்கா.

பேர்ணடெற் அக்கா டோர்செட் பார்க்கில் ஒரு அபார்ட்மென்டில் இருக்கிறார். பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. அவருடைய தம்பி கிளிபோட், தொண்ணூறுகளில் ஒரு விடியற்காலை வலை எடுக்கப் போனான். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை, உடலும் வரவில்லை. உடல் வராததால் ஊர்ச் சவக்காலையில் அவனுக்குக் குழியும் இல்லை. நவம்பர் மாதத்தில் ஆத்துமாக்களின் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரியோடு சவக்காலைக்குப் போகும். கிளிபோட்டின் மனைவி றெஜினாவும் போவாள். எந்தக் குழிக்கு முன்னால் நிற்பது என்று தெரியாமல் தன்னுடைய திரியை வாசல் மதிலில் கொளுத்தி வைத்துவிட்டு வருவாள். "எல்லாரும் உள்ளுக்க போகினம் மச்சாள். நான் ஒவ்வொரு வருசமும் கேற்றடியில நிக்கிறன்" என்று அவள் போனில் சொன்னதைப் பேர்ணடெற் அக்கா எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எங்களுக்கும் கண் கலங்கியது. கல் கெதியில் வந்துவிடும் என்றுதான் நினைத்தோம்.

அந்த நேரம் பார்த்து இராஜரட்ணம் அண்ணை கிரேக்கத்துக்குக் கப்பல் சுற்றுலா போனார்.

அவர் ஒன்றியத்தின் வரலாற்று ஆலோசகர். பெயருக்கு முன்னால் கலாநிதி என்று போடுவார். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் "ஒன்லைன்" என்பார். முப்பதாவது கலியாண நாளுக்கு மனைவியோடு கப்பலில் போனவர், ஏதோ ஒரு தீவுக்குப் பக்கத்தில் வழிகாட்டிப் பெண் "இதுதான் இக்கரஸ் விழுந்த கடல்" என்று சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாராம். மனைவி அவருக்கு நெஞ்சுவலி என்று பயந்துபோனார். நெஞ்சுவலியாக இருந்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு கரைச்சல் வந்திராது.

ஸ்காபரோவில் நடந்த பொதுக்கூட்டத்தில் அவர் மேடையேறினார்.

"சபையோரே, இக்கரஸ் எண்டு ஒரு கிரேக்க இளைஞன். தகப்பன் இறகையும் மெழுகையும் வைச்சுச் செட்டை செய்து குடுத்தவர். சூரியனுக்குக் கிட்டப் போகாதை எண்டு சொல்லித்தான் பறக்க விட்டவர். பெடியன் கேக்கேல்ல. மெழுகு உருகிச்சுது, கடலில விழுந்து செத்துப்போனான். அது தங்கட கடல் எண்டு கிரேக்கர் சொல்லினம். நான் அங்க நேரில போய் நிண்டு பாத்தனான். ஜூன் மாசம். நான் ஜக்கெட் போட்டுக்கொண்டு நிண்டனான். நான் கேக்கிறன், அந்த வெயிலுக்கு மெழுகு உருகுமோ?"

சபை உருகாது என்று தலையாட்டியது.

"சித்திரை வெயிலில எங்கட ஊர்க் கோயிலில மெழுகுதிரி நிமிர்ந்து நிக்காது. அப்ப அவன் எங்க விழுந்திருப்பான்? இக்கரஸ் விழுந்த முனை, இக்கரஸ்முனை. ஸகரம் ஐகாரமாத் திரிஞ்சு இக்கரைமுனை. தகப்பன்ர பேர் என்ன? டேடலஸ். மகனைத் தேடிக்கொண்டு வந்தவர். தேடல், அஸ். தேடலஸ். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

கைதட்டல் ஓய நேரமாகியது. தலைவர் சண்முகநாதன் எழுந்து, எங்கள் மண்ணில் விழுந்த முதல் வெளிநாட்டவருக்காக எல்லோரையும் மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார். எழுந்து நின்றோம். பேர்ணடெற் அக்காவும் நின்றார். மகனைத் தேடினவர் என்ற சொல் அவரைச் சுட்டிருந்தது. அவருடைய தகப்பன் செபமாலை, கிளிபோட்டைத் தேடிக் கரையோரம் ஊர் ஊராக நடந்து, கேட்காத ஆளில்லை. அந்த மனிசனுக்கு ஒரு மேடையிலும் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கார் ஓட்டிய மகன் ஜோசுவாவிடம் கேட்டார். வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, இங்கே பிறந்தவன்.

"அம்மா, அது எங்களுக்கு கிரேட் சிக்ஸில படிப்பிச்சவை. இட்ஸ் ஜஸ்ட் எ மித். அப்பிடி ஒராள் இருக்கவே இல்லை."

"இல்லாத ஒருத்தனுக்கோ எழும்பி நிண்டனாங்கள்?"

"லைக், பேஸிக்கலி, ஓம்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கல் விஷயத்தில் காட்டாத வேகம். ஒன்றியம் இக்கரஸ்முனைப் பண்பாட்டு மையமாகப் பெயர் மாறியது. கூட்டத்தில் யாராவது வாய் தவறி இக்கரைமுனை என்று சொன்னால் செயலாளர் எழுந்து திருத்துவார். இக்கரைக்கு அக்கரை பச்சை என்ற பழமொழி மையத்தின் மேடைகளில் தடைசெய்யப்பட்டது. கூட்டத் தொடக்கத்தில் கனடாவின் தேசிய கீதத்துக்கும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் பிறகு கிரேக்க தேசிய கீதமும் சேர்ந்தது. அதை யூடியூபில் போடுவார்கள். நடுவில் பற்பசை விளம்பரம் வரும். எது கீதம், எது விளம்பரம் என்று தெரியாததால் நாங்கள் இரண்டுக்கும் அசையாமல் நிற்போம்.

பேர்ணடெற் அக்கா நினைவுக்கல் உபகுழுவுக்குப் போய்க் கேட்டார்.

"அண்ணை, என்ர தம்பியின்ர பேர் எப்ப கல்லில வரும்?"

"வரும் தங்கச்சி" என்றார் தலைவர் சண்முகநாதன். அவர் மோட்கேஜ் முகவர். இல்லை என்ற சொல்லை வாடிக்கையாளரிடம் சொல்லிப் பழக்கமில்லாதவர். "ஆனால் கடலில போன ஆக்களைக் கால ஒழுங்கிலதான் போடவேணும். முதல் ஆள் இக்கரஸ். அவருக்கும் உங்கட தம்பிக்கும் இடையில மூவாயிரம் வருசம் கிடக்கு. இடையில ஆர் ஆர் விழுந்தவை எண்டு கலாநிதி ஆராயிறார். அது முடிய உங்கட தம்பி."

"இடையில விழுந்தவையை விட்டிட்டு என்ர தம்பியைப் போட ஏலாதோ?"

"அது வரலாற்றுக்குச் செய்யிற துரோகம்" என்றார் இராஜரட்ணம் அண்ணை. "அதோட இன்னொரு பிரச்சினையும் இருக்கு. உங்கட தம்பி கடலிலதான் இறந்தவர் எண்டதுக்கு என்ன ஆதாரம்? உடல் எடுத்தனீங்களே?"

"இல்லை."

"அதுதான் சொல்லுறன்."

"அப்ப உந்த இக்கரஸின்ர உடல் எடுத்தவையோ?"

"எடுத்தவை. கரையில ஒதுங்கி, எடுத்து, முறைப்படி அடக்கம் செய்தவை. கிரேக்க ஏடுகளில கிடக்கு."

பேர்ணடெற் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இல்லாத ஒருவனுக்கு உடல் கிடைத்திருக்கிறது, குழி கிடைத்திருக்கிறது, சாட்சியும் கிடைத்திருக்கிறது. தன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவனுக்கு ஆதாரம் போதாது. எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு முன்னால் சூடான றோல்ஸ் வைத்தார்கள்.

அடுத்த மாதம் கிரேக்கர்களின் அங்கீகாரம் பெறுவதற்காக ஒரு தூதுக்குழு டான்ஃபோர்த் வீதிக்குப் போனது. பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி என்று சொல்லிப் பேர்ணடெற் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். தூதுக்குழு ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, ஆட்டிறைச்சி சொல்லி, சாப்பிட்டு முடித்து, முதலாளிக்குப் பொன்னாடை போர்த்தியது. இராஜரட்ணம் அண்ணை ஆங்கிலத்தில் தன்னுடைய ஆய்வை விளக்கினார். முதலாளி கல்லாவில் நின்ற வரிசையைப் பார்த்துக்கொண்டே, "நீங்கள் எப்படி விரும்புகிறீர்களோ அப்படியே, நண்பரே" என்றார். அடுத்த கூட்டத்தில் செயலாளர் வாசித்தார்: டொரன்டோ வாழ் கிரேக்க சமூகம் எமது உரிமையை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

செயலாளர் வாசிக்காத ஒன்றைப் பேர்ணடெற் அக்கா எனக்குச் சொன்னார். புறப்படும்போது அந்த முதலாளி அவரை மறித்து, நீங்கள் யாரை இழந்தீர்கள் என்று கேட்டாராம். தம்பி, கடலில், என்றாராம் அக்கா. பெயர் என்ன என்று கேட்டாராம். கிளிபோட் என்றதும் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டாராம். மையத்தில் அதுவரை ஒருவரும் அந்தப் பெயரை வாயால் சொல்லவில்லை. 'உங்கட தம்பி' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இதற்குள் செய்தி அக்கரையாருக்குப் போய்விட்டது. அவர்களுக்கும் டொரன்டோவில் ஒன்றியம் உண்டு. அவர்கள் சும்மா இருப்பார்களா? அக்கிலிஸ் என்ற கிரேக்க வீரன் தங்களுடைய ஊரில்தான் குதிக்காலில் அம்பு வாங்கி விழுந்தான், அதனால்தான் அக்கரைமுனை, ஆதாரமாக ஊரில் இன்றைக்கும் பலருக்குக் குதிக்கால் வெடிப்பு இருக்கிறது என்று அறிக்கை விட்டார்கள். எங்கள் மையம் கொதித்தது. இரு தரப்பும் றிச்மண்ட் ஹில்லில் ஒரு வீட்டு வரவேற்பறையில் பேச்சுவார்த்தை நடத்தின. இக்கரஸின் இடது செட்டை மட்டும் அக்கரைக் கடலில் விழுந்தது என்று விட்டுக்கொடுத்தபிறகுதான் சமாதானம் வந்தது.

மார்க்கம் நகரில் நடந்த ஆண்டு விழாவுக்கு 'இக்கரஸ் இரவு' என்று பெயர். நாட்டிய நாடகத்தில் இக்கரஸாக ஆடிய பெண்பிள்ளை, சூரியன் மேடைக்கு வருவதற்கு முதலே செட்டை தடக்கிக் கீழே விழுந்துவிட்டாள். அவளைத் தூக்கப் போன தாயை இராஜரட்ணம் அண்ணை மறித்து, ஒலிவாங்கியில், "வரலாற்றிலும் இப்பிடித்தான் நடந்தது" என்றார். விழாவின் முடிவில் தலைவர் பெரிய அறிவிப்பு ஒன்றைச் செய்தார். இறங்குதுறையில் கல் நடுவதற்குப் பதிலாக இக்கரஸுக்குச் சிலை வைக்கப்படும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த நாள் பேர்ணடெற் அக்கா தலைவரின் அலுவலகத்துக்குப் போனார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தலைவர் கதவைச் சாத்திவிட்டு, எங்கள் இருவருக்கும் கோப்பி ஊற்றித் தந்து, முதல் தடவையாக உண்மை பேசினார்.

"தங்கச்சி, விளங்கிக்கொள்ளுங்கோ. பேர் போட்டால் வருசம் போடவேணும். வருசம் போட்டால் எப்பிடிச் செத்தது எண்டு கேப்பினம். ஆர் சுட்டது எண்டு கேப்பினம். அங்க அனுமதி தரமாட்டினம். இஞ்ச மேயரைக் கூப்பிட்டால் வரமாட்டார். எனக்கு வருசா வருசம் ஊருக்குப் போய்வரவும் வேணும். இக்கரஸ் எண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. அவரை ஒருத்தரும் சுடேல்ல. மெழுகு உருகித்தான் விழுந்தவர். குற்றவாளி சூரியன். சூரியனுக்கு எதிரா ஆரும் ஜெனிவாக்குப் போக ஏலுமோ?"

"அப்ப என்ர தம்பி?"

"உங்கட தம்பியையும் மனசில வைச்சுத்தானே சிலையை வைக்கிறம். எல்லாரும் கடலில விழுந்த ஆக்கள்தானே."

பேர்ணடெற் அக்கா கோப்பியைத் தொடவில்லை. காருக்குள் ஏறியதும் அழுதார். அழுதுகொண்டே, "கேற்றடியிலதான் நிக்கவேணும் போல றெஜினா" என்றார். எனக்குத் தலைவர்மேல் வந்த கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் எக்லிங்டன் சந்தியில் முன்னால் நின்ற காருக்கு ஹோர்ன் அடித்தேன்.

சிலை செய்யும் வேலை ஊர்ப்பக்கத்து மேசன் ஒருவரிடம் போனது. மனிசன் காலமெல்லாம் கோயில்களுக்குப் புனிதர்களின் சுரூபம் வார்த்தவர். இங்கிருந்து அனுப்பிய படத்தில் இக்கரஸ் உடுப்பில்லாமல் நின்றான். கோயிலுக்கு எதிரே அப்படி ஒன்றை வைக்கமுடியாது என்று பங்குச்சுவாமி சொல்லிவிட்டார். மேசன் அவனுக்குக் கழுத்திலிருந்து கால்வரைக்கும் வெள்ளை அங்கி போட்டுவிட்டார். அடியில் கிரேக்க எழுத்தில் பெயர் பொறிக்கவேண்டும் என்பது மையத்தின் கட்டளை. பொறித்தார்கள். ஊரில் அதை வாசிக்க ஒருவருமில்லை.

திறப்பு விழாவை இங்கே மண்டபத்தில் பெரிய திரையில் காட்ட ஒழுங்கு செய்தார்கள். இங்கே சனிக்கிழமை காலை, அங்கே பொழுதுபடும் நேரம். மண்டபம் காலையில் மலிவு என்பதால் அந்தத் தேதி. அது ஆத்துமாக்களின் திருநாள் என்பது நிர்வாகத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. நாங்கள் கையில் கோப்பியோடு கதிரைகளில் இருந்தோம். மூன்று கீதமும் பற்பசை விளம்பரமும் முடிந்தன. தலைவர் பேசினார். மூவாயிரம் ஆண்டு மௌனம் இன்றோடு கலைகிறது என்றார். திரையில் துணி விலகியது.

செட்டை விரித்து, வெள்ளை அங்கியோடு, கடலைப் பார்த்துக்கொண்டு இக்கரஸ் நின்றான். மண்டபம் கைதட்டியது. பிறகுதான் கமெராக்காரன் கிட்டப் போனான். சிலையின் பீடத்தைச் சுற்றி ஊர்ச் சனம் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தது. கிரேக்க எழுத்துக்குக் கீழே, படகுக்குப் பூசுகிற நீலப் பெயின்டால், தடித்த தூரிகையில், பெயர் பெயராக எழுதியிருந்தார்கள். மரியதாசன். சூசைப்பிள்ளை. அன்ரனியும் மகனும். நாலாவது கிளிபோட்.

தட்டின கைகள் பாதியில் நின்றன. இராஜரட்ணம் அண்ணை தலையில் கைவைத்தார். தலைவர் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு பேர்ணடெற் அக்காவிடம் வந்தார்.

"தங்கச்சி, உது ஆற்ற வேலை? நாளைக்கு நான் உந்தப் படத்தைக் கிரேக்கத் தூதரகத்துக்கு அனுப்பவேணும். உங்கட மச்சாள் அங்கதானே நிக்கிறா. போன் எடுத்து உடனை அழிக்கச் சொல்லுங்கோ. பெயின்ட் காயமுதல் தின்னர் போட்டால் போயிடும். ஸ்பீக்கரில போடுங்கோ, எல்லாருக்கும் கேக்கட்டும்."

பேர்ணடெற் அக்கா போனை எடுத்தார். தலைவர் ஒலிவாங்கியை அதற்குக் கிட்டப் பிடித்தார். திரையில் றெஜினா கையில் திரியோடு சட்டைப்பையில் போனைத் தேடுவது தெரிந்தது.

"மச்சாள், பாத்தனீங்களே?" றெஜினாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "சங்கம் எவ்வளவு வடிவான சம்மனசு அனுப்பியிருக்கு. தேவதூதர் எங்கட ஆக்களுக்குக் காவலுக்கு நிக்கட்டும் எண்டு எல்லாற்ற பேரையும் கீழ எழுதிப்போட்டம். இவரின்ர பேர் தெரிஞ்சதே?"

"தெரிஞ்சுது."

"இந்த முறை நான் கேற்றடிக்குப் போகேல்ல மச்சாள். இவரின்ர பேருக்கு நேர முன்னால நிண்டு கொளுத்தினனான்."

மண்டபத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தலைவர் கையைச் சுழற்றி, சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று சைகை காட்டினார்.

"றெஜினா, தலைவர் பக்கத்தில நிக்கிறார். பேரைப் பற்றி ஒண்டு சொல்லச் சொல்லுறார்."

"ஏன் மச்சாள், எழுத்துப் பிழையோ?"

"இல்லை. எழுத்தெல்லாம் சரி." பேர்ணடெற் அக்கா தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உப்புக் காத்துக்கு ஒரு பூச்சுக் காணாதாம். காய்ஞ்சாப்போல இன்னொரு பூச்சுப் பூசட்டாம்."

"கடவுளே, அந்த மனிசனுக்கு எவ்வளவு நல்ல மனசு. காய்ஞ்ச உடனை பூசச் சொல்லுறன். தலைவருக்கு எங்கட எல்லாற்றயும் நன்றியைச் சொல்லுங்கோ மச்சாள்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டல் கேட்டதும் தலைவர், பழக்கதோஷத்தில், இரண்டு கையையும் கூப்பிச் சபையை நோக்கிக் கும்பிட்டார்.